கையெழுத்துப் போடாத கன்னியம்மா

தலைமையாசிரியை ஒரு கையில் எட்டு விடைத்தாள்களையும் இன்னொரு கையில் ஒரே ஒரு விடைத்தாளையும் பிடித்துக்கொண்டு எங்கள் வகுப்புக்குள் வந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் பீரியட். என் கையில் இன்னும் எலுமிச்சை சாதத்தின் வாசனை இருந்தது. எழுந்து நின்றோம். அவர் உட்காரச் சொல்லவில்லை.

"ஆறாவது கணக்கு. வட்ட மேஜையைச் சுத்தி அஞ்சு பேர் எத்தனை விதமா உட்காரலாம்?" என்று வாசித்தார். பிறகு ஒவ்வொரு தாளாக மேஜைமேல் போட ஆரம்பித்தார். "நூத்தி இருபது. நூத்தி இருபது. நூத்தி இருபது..." எட்டு முறை சொன்னார்.

"சரியான விடை இருபத்து நாலு. எட்டுப் பேருக்கும் ஒரே தப்பு. வரிக்கு வரி அதே தப்பு. ஒருத்தியாவது வேற மாதிரி தப்பு பண்ணியிருக்கக் கூடாதா? யாரைப் பார்த்து யாரும்மா எழுதினீங்க?"

ஒன்பதாவது தாள் கன்னியம்மாவுடையது. கடைசி பெஞ்சில், சுவரோரமாக நிற்பவள். ஆறாவது கணக்குக்கு நேராக அவள் 'புரியவில்லை' என்று எழுதிக் கொடுத்திருந்தாள். மாதத் தேர்வில் அப்படி எழுதிக் கொடுத்த ஒரு ஜீவனை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை.

"இவ ஒருத்திதான் பொய் சொல்லலை. ஆனா இவளுக்கு ஒண்ணும் தெரியலை" என்றார் தலைமையாசிரியை. பிறகு ஒன்பது பேரையும் பார்த்துச் சொன்னார்.

"காலாண்டுப் பரீட்சை முடிஞ்சதும் வெளியிலேர்ந்து ஒரு கணக்கு வாத்தியாரை வரவழைக்கிறேன். உங்களை நிக்க வெச்சுக் கேட்பார். பதில் வரலைன்னா கணிதப் பிரிவை மூடிடுவேன். ஒன்பது பேரும் வரலாற்றுப் பிரிவில போய் உட்காருங்க."

நாங்கள் காப்பி அடிக்கவில்லை. எட்டுப் பேரும் அந்தக் கணக்கை ஒரே புத்தகத்தில் படித்திருந்தோம். அந்தப் புத்தகத்தை எழுதியவர்களும் நாங்கள்தான். அதில் அந்தப் பக்கத்தை எழுதிய மகராசி நான்.

புத்தகம் வராத ஜூன்

எண்பதுகளின் பின்பாதி. ஆவடியில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. பதினோராம் வகுப்புக்குப் பாடத்திட்டம் மாறிய வருஷம் அது. இங்கிலீஷ் மீடியத்துக்குக் கணக்குப் புத்தகம் வந்துவிட்டது. தமிழில் அச்சாகிக்கொண்டிருக்கிறது என்றார்கள். ஜூன் போனது, ஜூலை வந்தது. புத்தகக் கடைக்காரர் எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே தலையாட்ட ஆரம்பித்துவிடுவார்.

போதாக்குறைக்கு எங்கள் கணக்கு டீச்சர் பிரசவ விடுப்பில் போய்விட்டார். பதிலுக்கு யாரும் வரவில்லை. இயற்பியல் டீச்சர் வந்து உட்காருவார். "சத்தம் போடாம நீங்களே ஏதாவது படிங்கம்மா" என்பார். எதைப் படிக்க?

நான் கரையான்சாவடியிலிருந்து பஸ் பிடித்து வந்துகொண்டிருந்தேன். அந்தப் பஸ்ஸின் லட்சணத்தைப் பற்றிப் போன வாரமே இந்தப் பத்தியில் புலம்பித் தீர்த்துவிட்டேன். தமிழில் கணக்குப் பிரிவு எடுக்க எனக்குக் கிடைத்த ஒரே இடம் அந்தப் பள்ளிதான். நான் கணக்கு டீச்சராக வேண்டும் என்று எட்டாம் வகுப்பிலேயே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

அப்பா பாடியில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டினார். தலைமையாசிரியை சொன்னதை வீட்டில் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"கணக்குன்னு சொன்னியேன்னுதான் அவ்ளோ தூரம் அனுப்புறேன். வரலாறு படிக்கவா பஸ்ல தொங்கிகினு போற? அதுக்கு எக்ஸ்போர்ட் கம்பெனியில சேந்துடு. பக்கத்து ஊட்டுப் பொண்ணு போவல?" என்றார்.

அம்பத்தூரில் சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். எங்கள் தெருவிலேயே நாலு பெண்கள் போனார்கள். அந்த வேலையை நான் மட்டமாக நினைக்கவில்லை. எனக்குக் கணக்கு வேண்டும், அவ்வளவுதான்.

முத்துச்செல்வி போட்ட சட்டம்

புத்தகத்தை நாமே எழுதிவிடலாம் என்று சொன்னவள் முத்துச்செல்வி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. அவளுடைய அப்பா ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்ததால் குவார்ட்டர்ஸில் இருந்தாள். அடுத்த வீட்டுப் பெண்ணிடம் அந்த இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. சனி, ஞாயிறு மட்டும் இரவல் தருவாள்.

ஆளுக்கு ஒரு பாடம் என்று பிரித்துக்கொண்டோம். இங்கிலீஷில் படித்து, பழைய அகராதி ஒன்றோடு மல்லுக்கட்டி, தமிழில் எழுத வேண்டும். கோடு போடாத நோட்டுகளைப் பிரித்து, கோணி ஊசியால் ஒன்றாகத் தைத்தோம். தொழிற்சாலையில் பெட்டி சுற்றி வரும் தடித்த பழுப்புக் காகிதத்தை முத்துச்செல்வியின் அப்பா கொண்டுவந்து கொடுத்தார். அதுதான் அட்டை. கடைசி வரை அந்தப் புத்தகத்தில் கிரீஸ் வாசனை போகவே இல்லை.

தேற்றங்கள் சிவப்பு மையில், கணக்குகள் நீலத்தில். வட்டம் வரையக் கைவளையல். ஒன்பது பேரின் கையெழுத்து. என்னுடையது அழகு என்று எனக்கு அப்போது ஒரு நினைப்பு இருந்தது. இருந்தது ஒரே ஒரு புத்தகம்தான். ஆளுக்கு ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுபோய், வேண்டியதைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.

முத்துச்செல்வி ஒரு சட்டமும் போட்டாள். "எங்கப்பா ஃபேக்டரியில சாமானைச் செஞ்சவிய வேற, சரிபாத்து முத்திரை குத்துதவிய வேற. செஞ்சவியளே குத்திக்கிட முடியாது. நாமளும் அப்படித்தான் செய்யணும்" என்றாள்.

அதன்படி ஒவ்வொரு கணக்குக்கும் பக்கத்தில் ஓரத்தில் இடம் விட்டோம். எழுதியவள் அதை இன்னொருத்திக்கு விளக்க வேண்டும். கேட்டவள் அங்கே 'புரிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாத கணக்கு புத்தகத்தில் செல்லாது.

சட்டம் பிரமாதம். ஆனால் நாங்கள் பதினாறு வயதுத் தோழிகள். தோழி கஷ்டப்பட்டு எழுதிக்கொண்டு வந்து நீட்டும்போது 'எனக்குப் புரியலை' என்று யார் சொல்வாள்? அவள் முகம் சுண்டிப் போகாதா? பஸ் ஸ்டாப்பில், தண்ணீர்க் குழாயடியில், கொய்யாக்காய் கடித்துக்கொண்டே கையெழுத்துகள் விழுந்தன. மூன்று வாரத்தில் புத்தகம் கிடுகிடுவென்று வளர்ந்தது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

கன்னியம்மா மட்டும் போட மாட்டாள். வெள்ளானூரிலிருந்து வருபவள். அவள் வீட்டில் எல்லோரும் முன்பு வயல் வேலைக்குப் போனவர்கள். வயல்கள் மனைகளான பிறகு அப்பா அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் சரக்கு ஏற்றப் போனார். கணக்கு படித்தால் டெலிபோன் ஆபீசில் வேலை கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இந்தப் பிரிவில் சேர்ந்தாள். எதையும் சட்டென்று பிடித்துக்கொள்ள மாட்டாள். ஒரு வரியை நாலு தடவை கேட்பாள். அவளிடம் விளக்கப் போவதென்றாலே எங்களுக்கு அலுப்பு. அதனால் அவளிடம் நீட்டுவதையே நிறுத்திவிட்டோம்.

நான் திருத்திய 'அச்சுப் பிழை'

எனக்கு வந்த பாடம் வரிசை மாற்றங்கள். ஐந்து பேர் ஒரு பெஞ்சில் எத்தனை விதமாக உட்காரலாம்? முதல் இடத்துக்கு ஐந்து பேரில் ஒருத்தி, அடுத்ததற்கு மீதி நாலில் ஒருத்தி. இப்படியே ஐந்தை நாலால், மூன்றால், இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் நூற்றி இருபது. நன்றாகப் புரிந்தது. குஷியாக எழுதினேன்.

அடுத்த பக்கத்தில் அதே ஐந்து பேர் வட்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அங்கே ஐந்துக்குப் பதிலாக நாலிலிருந்து பெருக்கல் தொடங்கியது. விடை இருபத்து நாலு என்று இருந்தது. அதே ஐந்து பேர்தானே? மேஜை வட்டமானால் ஒருத்தி எங்கே போனாள்? விளக்கம் பெரிய பெரிய இங்கிலீஷ் வார்த்தைகளில் இருந்தது. ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு, இது அச்சுப் பிழை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

ஆமாம், நானேதான். பதினாறு வயதில், கரையான்சாவடியில் உட்கார்ந்துகொண்டு, அச்சான புத்தகத்தைத் திருத்தினேன். நாலை ஐந்தாக்கி, விடையையும் நூற்றி இருபதாக்கினேன். அடியில் கோடு வேறு.

அதற்குப் 'புரிந்தது' என்று கையெழுத்துப் போட்டது யார் தெரியுமா? சட்டம் போட்ட முத்துச்செல்வி! அன்று அவளுக்குப் பசி. "நீ எழுதினா சரியாத்தான்ட்டி இருக்கும்" என்று சொல்லி, படிக்காமலேயே போட்டுக் கொடுத்தாள். இயற்பியல் டீச்சர் அதே இங்கிலீஷ் புத்தகத்தை வாங்கி மாதத் தேர்வுக்குக் கேள்வி எடுத்தார். ஏழு பேரை என்னோடு சேர்த்துக் கிணற்றில் தள்ளியிருந்தேன்.

இப்போது முப்பது வருஷத்துக்கு மேலாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். 'புரிந்ததா?' என்று வகுப்பில் கேட்கவே மாட்டேன். கேட்டால் நாற்பது தலைகளும் ஆடும் என்று எனக்குத் தெரியும். 'எந்த வரி புரியலை?' என்றுதான் கேட்பேன்.

வாதாமரத்தடி வட்டம்

தலைமையாசிரியை போன பிறகு ஒன்பது பேரும் வாதாமரத்தடியில் போய் விழுந்தோம். ஒருத்தி அழுதாள். முத்துச்செல்வி என்னைத் திட்டினாள். நான் அவளைத் திட்டினேன். "ஒன் கணக்கு ஒனக்கே தெரியல, பெறவு எதுக்குட்டி என்னைய நம்ப வச்ச?" என்றாள். பதிலுக்கு நான் சொன்னதை ஒரு பத்திரிகையில் எழுத முடியாது.

கன்னியம்மா புத்தகத்தை மடியில் வைத்து அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இன்னும் புரில. வட்டமா குந்திகினா இன்னாத்துக்கு ஒண்ணு கொறையுது?" என்றாள்.

"யாருக்குத் தெரியும்? புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு. இருபத்து நாலுன்னு மாத்திடலாம். நீ கையெழுத்துப் போடு" என்றேன்.

"புரியாத இன்னாத்துக்குடி போடணும்? நீ மொதல்ல போட்டது தப்பு. இப்ப போடறது ரைட்டுன்னு எப்டி தெரியும்? எழுந்திரு. அஞ்சு பேரு வட்டமா குந்துங்க."

அவள் குரலில் அப்படி ஓர் அதட்டலை அன்றைக்குத்தான் கேட்டோம். ஐந்து பேர் சருகுகளைத் தள்ளிவிட்டு வட்டமாக உட்கார்ந்தோம். அவள் என் முன்னால் வந்து நின்றாள்.

"உனுக்கு வலக்கைப் பக்கம் யாரு?"

"முத்துச்செல்வி."

"எல்லாரும் எழுந்து ஒரு எடம் தள்ளிக் குந்துங்க." தள்ளி உட்கார்ந்தோம். "இப்ப யாரு?"

"முத்துச்செல்விதான்."

"எடக்கைப் பக்கம் மாறுச்சா?"

"இல்ல."

"இன்னொரு எடம் தள்ளுங்க. இப்ப?"

"அதே ஆளுங்கதான்."

"அப்புறம் இன்னாதான்டி மாறுச்சு? அதே வட்டம் அப்டியே கீது. நீ பாட்டுக்கு இத்த புதுசு புதுசுன்னு எண்ணிகினு கீற."

ஐந்து முறை தள்ளி உட்கார்ந்தாலும் ஒரே வட்டம். அப்படியானால் என் நூற்றி இருபதில் ஒவ்வொரு வட்டத்தையும் ஐந்து தடவை எண்ணியிருக்கிறேன். நூற்றி இருபதை ஐந்தால் வகுத்தால் இருபத்து நாலு. கத்தினேன். முத்துச்செல்வி என்னைவிடச் சத்தமாகக் கத்தினாள்.

கன்னியம்மா கத்தவில்லை. "ஒருத்திய நகராத குந்த வெச்சிட்டா மீதி நாலு பேருதான் மாற முடியும். அதான் நாலு" என்றாள். பேனாவை வாங்கினாள். ஓரத்தில் 'க.' என்று ஓர் எழுத்து மட்டும் போட்டாள். புத்தகத்தில் அவள் போட்ட முதல் கையெழுத்து அதுதான்.

அன்றே பழைய கையெழுத்துகளையெல்லாம் ரத்து செய்தோம். இனி 'க.' இருந்தால்தான் கணக்கு செல்லும். அதற்குப் பிறகு அவளை நாங்கள் சபிக்காத நாளில்லை. ஆறு வாரம் பிடித்தது. நான் ஒரே கணக்கை நாலு விதமாக எழுதிக் கொடுத்தேன். "மூணாவது வரிலேர்ந்து நாலாவது வரிக்கு எப்டி வந்த?" என்பாள். பதில் தெரியாமல் திரும்பி வந்து, மண்டையை உடைத்துக்கொண்டு, மறுநாள் போவேன். அப்படித்தான் நான் கணக்குக் கற்றுக்கொண்டேன்.

சைக்கிள் கிளிப் சார்

காலாண்டுத் தேர்வு முடிந்த மறுவாரம் வெளிப் பள்ளி சார் வந்தார். அம்பத்தூர்ப் பக்கத்தில் ஓர் ஆண்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஒல்லியான மனிதர். சைக்கிளில் வந்தவர் பேன்ட்டில் மாட்டியிருந்த கிளிப்பைக் கழற்ற மறந்து அப்படியே வகுப்புக்குள் வந்துவிட்டார். எங்களுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

முத்துச்செல்வியை எழுப்பினார். சொன்னாள். என்னை எழுப்பினார். சொன்னேன். இன்னும் இரண்டு பேர் சொன்னார்கள். தலைமையாசிரியை சன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நல்லாத்தான் மனப்பாடம் பண்ணியிருக்காங்க" என்றார் சார். பிறகு கடைசி பெஞ்சைக் காட்டினார். "அந்தப் பொண்ணு வரட்டும்."

கன்னியம்மா கரும்பலகைக்குப் போனாள். வட்ட மேஜை, ஏழு பேர் என்றார். எழுநூற்று இருபது என்று எழுதினாள். ஏன் என்றார். சொன்னாள். சார் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"சரி, மேஜை வேண்டாம். ஏழு பூ. ஏழும் வேற வேற நிறம். அதை வெச்சு எத்தனை விதமா மாலை கட்டலாம்?"

எனக்கு உயிர் வந்தது. மாலையும் வட்டம்தானே? அதே எழுநூற்று இருபதுதான். அவள் என்னைப் பார்த்தாள். உதட்டை அசைத்துச் சொல்லிக் கொடுத்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு நிமிஷம் போனது. இரண்டு நிமிஷம் போனது. "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிட்டு உட்காரு" என்றார் தலைமையாசிரியை.

"இருங்க டீச்சர். இன்னும் எனக்குப் புரில."

அவ்வளவுதான், எல்லாம் போயிற்று என்று தலையில் கைவைத்தேன். எக்ஸ்போர்ட் கம்பெனியின் தையல் மெஷின் சத்தம் காதில் கேட்டது.

கன்னியம்மா விடுவிடுவென்று முதல் பெஞ்சுக்கு வந்தாள். முத்துச்செல்வியின் சடையில் அன்று கதம்பம் இருந்தது. கேட்காமல் கொள்ளாமல் உருவினாள். இரண்டு முனைகளையும் முடிச்சுப் போட்டு வட்டமாக்கினாள். சாரின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். பிறகு அதை அப்படியே முன்பின்னாகத் திருப்பினாள்.

"சார், மேஜையைக் கவுக்க முடியாது. மாலையைத் திருப்பலாம். இந்தப் பக்கம் பாத்தா மரு, மல்லி, கனகாம்பரம்னு வலமா போவுது. அந்தப் பக்கம் பாத்தா எடமா போவுது. ஆனா மாலை ஒண்ணுதான? அப்ப ரெண்டு ரெண்டும் ஒண்ணாப் பூடும். எழுநூத்து இருவதுல பாதி. முந்நூத்து அறுவது."

எங்கள் புத்தகத்தில் அந்தக் கணக்கே கிடையாது. இங்கிலீஷ் புத்தகத்தில் அது சின்ன எழுத்தில் இருந்ததால் நான் அதைத் தாண்டிப் போயிருந்தேன். அவள் அதைப் படித்ததில்லை, கேட்டதில்லை. அங்கே நின்றபடி, தானே கண்டுபிடித்தாள்.

சார் சாக்பீஸைக் கீழே வைத்தார். "யாரும்மா உனக்குச் சொல்லிக் கொடுத்தது?"

"இவங்கள்லாம்தான் சார்" என்று எங்களைக் காட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் அழுதேன்.

இரவல்

சார் எங்கள் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். நின்றபடியே பத்துப் பக்கம் படித்தார். ஓரத்தில் உள்ள 'க.' என்ன என்று கேட்டார். முத்துச்செல்வி விளக்கினாள். பிறகு அவர் தலைமையாசிரியையிடம் திரும்பினார்.

"எங்க ஸ்கூலுக்கும் தமிழ்ப் புத்தகம் இன்னும் வரலைங்க டீச்சர். அறுபது பசங்க கையைப் பிசைஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. இதைப் பத்து நாளைக்குக் கொடுத்தீங்கன்னா பார்த்து எழுதிக்குவாங்க."

தலைமையாசிரியை அதுவரை அந்தப் புத்தகத்தைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. வாங்கிப் புரட்டினார். மூக்கருகே கொண்டுபோய் கிரீஸ் வாசனைக்கு முகத்தைச் சுளித்தார். "அவங்க புத்தகம். அவங்களைக் கேளுங்க" என்றார்.

கொடுத்தோம். சைக்கிள் கேரியரில் அது போவதைச் சன்னலில் முண்டியடித்துப் பார்த்தோம். ஆனால் பிரிவு இருக்குமா, மூடுவார்களா என்று தலைமையாசிரியை வாயைத் திறக்கவில்லை. கேட்கும் தைரியம் எங்களுக்கும் இல்லை. வீட்டில் அப்பா தினமும் கேட்டார். "இன்னும் சொல்லலப்பா" என்றே பத்து நாள் ஓடியது.

பதினோராவது நாள் ப்யூன் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே நாலு முழுத்தாள்கள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. அந்தப் பையன்கள் எழுதிய சந்தேகங்கள். எந்தப் பக்கம், எந்த வரி என்று குறித்து, மொத்தம் முப்பத்தொரு கேள்விகள். மேலே சாரின் கையெழுத்தில், 'தயவுசெய்து விளக்கம் எழுதி அனுப்பவும்' என்று இருந்தது.

ஆண்கள் பள்ளி எங்களிடம் சந்தேகம் கேட்கிறது! முத்துச்செல்வி பெஞ்ச்மேல் ஏறி நின்று முப்பத்தொன்றையும் உரக்கப் படித்தாள். மூன்று நாள் உட்கார்ந்து பதில் எழுதினோம். ஒவ்வொன்றையும் கன்னியம்மா பார்த்தாள். ஏழைத் திருப்பிக் கொடுத்தாள். அதில் நாலு என்னுடையவை.

நாலாம் நாள் பதில்களை எடுத்துக்கொண்டு ஒன்பது பேரும் தலைமையாசிரியை அறை வாசலில் நின்றோம். உள்ளே கூப்பிட்டார். தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இழுப்பறையிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தார். தாள்களை மடித்து உள்ளே வைத்து ஒட்டினார். பெறுநர் முகவரியை எழுதினார். பேனா ஒரு கணம் நின்றது.

பிறகு இடது மூலையில், அனுப்புநர் என்ற இடத்தில், அவருடைய உருண்டைக் கையெழுத்தில் நிதானமாக எழுதினார்: 'மாணவியர், பதினோராம் வகுப்பு, கணிதப் பிரிவு.' அதன்மேல் பள்ளி முத்திரையை ஓங்கிக் குத்தினார்.